ஏற்றத்தில் அடங்கிய சத்தம்

அரியமுத்துவுக்கு வயது அறுபத்து மூன்று. அவருடைய குரு புனிதவல்லிக்கு முப்பத்தைந்துதான். நாமக்கல்லில் புனிதவல்லி நடத்தும் தியான வகுப்பில் அவர் சேர்ந்ததே விமானப் பயம் போகத்தான். ஆறு மாதமாகியும் அது போகவில்லை.

சிங்கப்பூரில் மகளுக்கு மறுநாள் காலை இதயத்தில் அறுவை சிகிச்சை. அப்பா முகத்தைப் பார்க்காமல் உள்ளே போக மாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தாள். அரியமுத்து இருமுறை திருச்சி விமான நிலையம் வரை வந்து வாசலோடு திரும்பிவிட்டார். இந்த முறை குருவும் கூடவே ஏறினார்.

விமானம் இரைந்துகொண்டு ஓடி எழும்பியது. சட்டைப் பையில் இருந்த கோயில் எலுமிச்சம்பழத்தை அரியமுத்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிடம் போயிருக்கும். இரைச்சல் சட்டென்று தணிந்தது. விமானம் கீழே இறங்குவது போலிருந்தது.

"எஞ்சின் நின்னுபோச்சு டீச்சர்."

அவர் முப்பத்தொரு வருடம் கொல்லிமலைப் பேருந்து ஓட்டியவர். ஏற்றத்தில் எஞ்சின் அடங்கினால் வண்டி பின்னால் உருளும். முன்னால் போன லாரி அப்படி உருண்டதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர். பழம் நசுங்கிச் சட்டை நனைந்தது. இன்னொரு கை பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தது.

எழுந்து கத்தினால் விமானத்தையே திருப்பிவிடுவார்கள், அப்புறம் மகளைப் பார்க்க முடியாது என்று புனிதவல்லி தாழ்ந்த குரலில் சொன்னார். அரியமுத்துவின் காதில் அது ஏறவில்லை.

"ஐயா, காரவள்ளி அடிவாரத்துல கிளம்புறப்ப போடுற முதல் கியர்லயே மலை முழுக்க ஏறுவீங்களா?"

கை நின்றது. "அதெப்படிங்க? எஞ்சின் என்னத்துக்கு ஆகும்? நிக்கிற வண்டியக் கிளப்பத்தான் அவ்வளவு பலம் வேணும். ஓட ஆரம்பிச்சா மாத்திரணும்."

"மாத்துறப்ப?"

"சத்தம் எறங்கும்."

சொல்லிவிட்டு அவரே சற்று நேரம் உற்றுக் கேட்டார். இரைச்சல் குறைந்திருந்தது, நிற்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வயல்கள் சிறுத்துக்கொண்டே போயின. விமானம் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

ஆனாலும் அவிழ்த்த பெல்ட்டை அவர் மாட்டவில்லை.

"புரியுதுங்க டீச்சர். பயம் போவலையே. அங்க ஸ்டியரிங் என் கையில இருந்துச்சு. இங்க ஓட்டுறவன் மொகத்தக்கூட நான் பாக்கல."

புனிதவல்லி அவிழ்ந்த பெல்ட்டை எடுத்து மாட்டிவிட்டார்.

"நான் மலைமேல செம்மேட்டுக்காரிங்க ஐயா. மூணு வருஷம் உங்க பஸ்லதான் காலேஜுக்குப் போய் வந்தேன். சாயந்தரம் மலையேறுறப்ப, ஒவ்வொரு வளைவுலயும் சத்தம் அடங்கி அடங்கி எழும்பும். உங்க முதுகு மட்டுந்தான் எனக்குத் தெரியும். நான் தூங்கிட்டு வந்தேன்."