போட்டோவில் உள்ளபடி ஹில்மன் கார்

ஊமத்தம்பாளையத்தில் அறிவுக்குப் பஞ்சமே வந்ததில்லை. யாரும் அதை எடுத்துச் செலவழிக்காததால், இருந்தது இருந்தபடியே இருந்தது. அந்த இருப்பில் பெரும்பங்கு நாச்சிமுத்துவின் வீட்டில்தான் என்று ஊரார் கருதினார்கள். நாச்சிமுத்துவும் அவ்வாறே கருதினான்.

அவன் வீட்டுத் தகரக் கொட்டகையில் ஒரு ஹில்மன் கார் நின்றது. தகப்பனார் ஒருநாள் அதை உள்ளே கொண்டுவந்து நிறுத்தி, இறங்கிக் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு முப்பத்தோராண்டுகள் அது நகரவில்லை. டயர்கள் மண்ணில் இறங்கிவிட்டன. பின்னிருக்கையில் எலிகள் பேரன் பேத்தி எடுத்திருந்தன.

காருக்கு இடம் இருந்தது. செவலைப் பசுவுக்குத்தான் இல்லை. செவலை நிறைசினையாக மழையில் நனைந்துகொண்டிருந்தது. நாச்சிமுத்துவின் மனைவி திருமாத்தாள் அதைப் பொறுக்க முடிந்த வரை பொறுத்தாள். பிறகு ஒருநாள் சோறு போடும்போது பேசினாள்.

"இதா பாருங்க. வர்ற அமாவாசைக்குள்ள செவலை அந்தக் கொட்டாயிக்குள்ள நிக்கோணும். இல்லீனா அதைக் கொண்டாந்து உங்க கட்டல்ல படுக்க வெப்பேன். நீங்க மழையில நில்லுங்க."

திருமாத்தாள் சொன்னதைச் செய்யாமல் விட்டதாக யாருக்கும் நினைவில்லை. நாச்சிமுத்து சாப்பிட்ட கையோடு எழுந்துபோய்க் கட்டிலை முழம் போட்டுப் பார்த்தான். செவலை படுத்தால் அவனுக்கு ஓரத்தில்கூட இடம் மிஞ்சாது. காரை விற்றே தீர வேண்டும் என்று முடிவாயிற்று.

அவனுக்கு இரண்டு தம்பிகள். மூத்தவன் ஆறுக்குட்டி, எதிலாவது சாய்ந்து நிற்பவன். இளையவன் மாரப்பன், செல்போன் வைத்திருந்ததால் படித்தவன். மாரப்பன் காரைப் போட்டோ எடுத்து, இணையத்தில் பழைய வண்டிகளை விற்பவர்கள் போடும் இடத்தில் போட்டான். இரண்டாம் நாளே கோயம்புத்தூரிலிருந்து தேவசகாயம் என்பவர் கூப்பிட்டார். பழைய கார்களை வாங்கிச் செப்பனிட்டுச் சேர்த்துவைப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. விற்கிறவர்கள் அவசரத்தில் பூசும் பெயிண்ட்தான் அவருக்கு ஜென்மப் பகை.

"வண்டி எனக்குப் புடிச்சிருக்குதுங்க. புதன்கிழமை காத்தால வர்றேன். ஒண்ணே ஒண்ணுதான். போட்டோவுல இருக்கறபடியே இருக்கோணும். இம்மி மாறியிருந்தாலும் எனக்கு வேண்டாம். தூசியக்கூடத் துடைக்காதீங்க."

"ஒரு இம்மியும் மாறாதுங்க," என்று வாக்குக் கொடுத்தான் நாச்சிமுத்து.

மூவரும் போட்டோவைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகப் பத்திரம் படிப்பவர்களைப் போலப் பார்த்தார்கள். கார் இருந்தது. அதற்கு மேல் கொட்டகை இருந்தது. காரின் கதவில் சாய்ந்தபடி, கொட்டாவிக்குத் திறந்த வாயோடு ஆறுக்குட்டி இருந்தான். பானெட்டின்மேல் ஒரு கோழி இருந்தது.

"கோழியக் காணமே," என்றான் நாச்சிமுத்து.

"ஞாயித்துக்கிழமை மச்சான் வந்தப்ப கொழம்பு வெச்சாச்சே," என்றான் மாரப்பன்.

"அப்ப மச்சானக் கூப்பிட்டு பானெட்டு மேல உக்கார வெச்சுருவோம்," என்றான் ஆறுக்குட்டி.

நாச்சிமுத்து நெடுநேரம் யோசித்தான். "மச்சான் மட்டுமா தின்னாரு? நாமளுந்தான தின்னோம். அத்தன பேரும் உக்காந்தா பானெட்டு தாங்காதுடா."

இந்த நுட்பம் தம்பிகளுக்குத் தோன்றவில்லை. அண்ணன் அண்ணன்தான் என்று ஒப்புக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கோழியை இரவல் வாங்கினார்கள். பழைய கோழிக்குக் கழுத்தில் வெள்ளை உண்டு. இதற்குச் சுண்ணாம்பு தடவினார்கள். பானெட்டில் கம்பு இறைத்ததும் அது ஏறி நின்றது. கம்பு தீர்ந்ததும் இறங்கியது. ஆகவே கம்புக் கிண்ணத்தோடு மாரப்பன் முன்சக்கரத்தின் மறைவில் அமர்த்தப்பட்டான்.

செவ்வாய்க்கிழமை அடித்த காற்றில் காரின் தூசி முக்கால்வாசி போய்விட்டது. நாச்சிமுத்து கலங்கவில்லை. சாலையிலிருந்து ஒரு கூடை தூசி அள்ளிவந்து, திருமாத்தாளின் மாவுச் சல்லடையில் சலித்து, கார் முழுவதும் ஒரே சீராகத் தூவினான். போட்டோவில் ஆறுக்குட்டியின் முழங்கை பட்ட இடத்தில் தூசி இல்லை. அந்த இடத்தை மட்டும் முழங்கை அளவுக்கு விட்டுவைத்தான்.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் திருமாத்தாள் புண்ணாக்கு வாங்கச் சந்தைக்குப் போனாள். ஏழு மணிக்கே ஆறுக்குட்டி கதவில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டான். எட்டு மணிக்கு அதற்குள் ஓர் ஈ போயிற்று.

"போட்டோவுல ஈ இல்லையே," என்று நாச்சிமுத்து கவலைப்பட்டான்.

"வெளிய வந்தாத்தான தெரியும்? உள்ளயே இருக்கட்டும்," என்று சக்கரத்தின் பின்னாலிருந்து தீர்ப்பு வந்தது. ஆறுக்குட்டி விழுங்கினான்.

ஒன்பது மணிக்கு வந்த தேவசகாயம் காரைத் தவிர வேறெதிலும் கண் போகாமல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பெயிண்ட் பூசப்படவில்லை, ஒரு திருகாணிகூட மாற்றப்படவில்லை. அவருக்குக் கண் கலங்கியது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க தம்பி, கதவத் தொறந்து பாக்கறேன்."

ஆறுக்குட்டி திறந்த வாயோடு விழித்தான்.

"அவன் நகரக் கூடாதுங்க," என்றான் நாச்சிமுத்து. "நகந்தா அப்புறம் நீங்க வண்டி வேண்டாமுன்னுருவீங்க."

தம்பிக்கு ஏதோ வாத நோய் போலும் என்று எண்ணிய அந்த நல்ல மனிதர், மறுபக்கத்துக் கதவைத் திறந்து பார்த்து, பேரத்தை அங்கேயே முடித்தார். ஒரு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் புறப்பட்டும்விட்டார். தன் காரில் ஏறுமுன் ஒரு வார்த்தை சொன்னார்.

"பதினோரு மணிக்கு லாரி வரும். போட்டோவுல இருக்கறதுல ஒண்ணு விடாம ஏத்தி விட்டுருங்க. சின்னச் சாமான்தானேன்னு எதையும் விட்டுறாதீங்க."

"ஒண்ணு விடமாட்டோமுங்க."

லாரி வந்தது. முதலில் காரை ஏற்றினார்கள். பிறகு கோழியை ஏற்றினார்கள். அப்புறம் கொட்டகையின் தகரங்களைப் பிரித்து அடுக்கி, ஆறு கம்பங்களையும் பிடுங்கிக் கட்டினார்கள். லாரி ஓட்டுநர் வாயிலிருந்த பீடியை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"கொட்டாயுமா?"

"போட்டோவுல இருக்குதே," என்று மாரப்பன் செல்போனைக் காட்டினான்.

"எனக்கென்ன. வாடகை தூரத்துக்குத்தான்."

கடைசியாக ஆறுக்குட்டி ஏறி, கதவில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டான். செவலையைப் பற்றி ஒரு சந்தேகம் எழுந்தது. போட்டோவின் நாலு மூலையிலும் தேடிப் பார்த்து, அது இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே லாரியைப் போகவிட்டார்கள்.

சொன்ன சொல் காப்பாற்றிய நிறைவோடு நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தான். வெறும் தரையில் வெயில் அடித்தது. நடுவில் செவலை நின்றது. அவனுக்கு அமாவாசை நினைவு வந்தது.

"மாரப்பா, கொட்டாயிக்குள்ள செவலைய நிறுத்தோணுமேடா. இல்லீனா அவ கட்டல்ல படுக்க வெச்சுருவா."

"கொட்டாய் அங்க போயிருச்சு. செவலை இங்க நிக்குது," என்று மாரப்பன் விரல் மடக்கினான். "ரெண்டுல எதுக்குண்ணா காலிருக்குது?"

படித்தவன் கேள்வி அப்படித்தான் இருக்கும்.

மத்தியான பஸ்ஸிலிருந்து புண்ணாக்கு மூட்டையோடு இறங்கிய திருமாத்தாள், எதிரே நெடுஞ்சாலையில் புருஷன் செவலையின் கயிற்றைப் பிடித்து இழுப்பதையும், கொழுந்தன் பின்னாலிருந்து தள்ளுவதையும் கண்டாள்.

"ஏனுங்க, செவலைய எங்க ஓட்டிட்டுப் போறீங்க?"

"கொட்டாயில கட்டத்தான். நீதான சொன்ன?"

"கொட்டாய் அந்தப் பக்கமல்ல இருக்குது."

"காத்தால வரைக்கும் அங்கதான் இருந்துது."

திருமாத்தாள் மூட்டையைக் கீழே வைத்தாள். "இப்ப எங்க இருக்குது?"

"கோயமுத்தூர்ல. பயப்படாத, தொணைக்கு ஆறுக்குட்டி போயிருக்கறான்."

அவள் வீட்டுப் பக்கம் ஒரு தரமும் அவன் பக்கம் ஒரு தரமும் பார்த்தாள். கெடு தவறிவிடுமோ என்றுதான் அவள் அஞ்சுகிறாள் என்று நாச்சிமுத்துவுக்குத் தோன்றியது. பாவம், அவளுக்கும் ஆறுதல் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

"எதுக்கு மூஞ்சிய அப்படி வெச்சிருக்கற? அமாவாசைக்கு இன்னும் நாலு நாள் கெடக்குது. மூட்டைய இப்படிக் குடுத்துட்டு நீயும் கூட வா. பொறுமையா நடந்தாலே ரெண்டு நாள் முந்திப் போயிச் சேந்துருவோம்."