ஏரிப் பெண்மேல் பட்டது எது?

வேல்ஸ் மலையூர் ஒன்றில், தேவதைக் கதை சொல்வது பாவம் என்று போதகர் பென்ரி எல்லார் வாயையும் அடைத்துவைத்திருந்தார். அங்கே பழங்கதை தேடி நோட்டும் கையுமாக வந்து நின்றார் இத்தெல், சுரங்கக் கூலியின் மகன்.

"பொழுது சாய்வதற்குள் ஒரே ஒரு கதை வாங்கிவிடும், பார்ப்போம்! இல்லையென்றால் ஊரைவிட்டுக் கிளம்பும்" என்றார் போதகர்.

வீடுவீடாகக் கேட்டார் இத்தெல். பின்னாலேயே வந்த போதகரைப் பார்த்து எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

கடைசியில், வேடிக்கை பார்க்கக் கூடிவிட்ட ஊரார் முன் இத்தெல் தானே ஆரம்பித்தார்: "ஏரியிலிருந்து வந்த தேவதை ஓர் உழவனைக் கட்டிக்கொண்டாள். ஒருநாள் அவனுடைய வெள்ளி மோதிரம் தன்மேல் பட்டதும் மறைந்துபோனாள்."

"வெள்ளியா? எவன் சொன்னான்? இரும்பு ஐயா, குதிரைக் கடிவாளத்து இரும்பு!" என்று கத்திவிட்டார் போதகர்.

ஊரே வாயைப் பொத்திக்கொண்டது. சீவித் தயாராக வைத்திருந்த பென்சிலை எடுத்தார் இத்தெல். "உங்களுக்கு யார் சொன்னது?"

போதகர் மெல்லத் தொப்பியைக் கழற்றினார்.

"அம்மா" என்றார். "முதலிலிருந்து சொல்கிறேன், எழுதிக்கொள்ளும்."