ஏழாவது நாற்காலி

“அம்மா, இது ஏழாவது. இதுல என்ன குறை?” என்று கேட்டார் வைத்தியலிங்கம்.

ரயில்வேயில் இருபத்தைந்து வருஷம் வரைபடம் போட்டவர். வேலையை விட்டுவிட்டு ரெபேக்காவிடம் நாற்காலி செய்யக் கற்றுக்கொள்ள வந்திருந்தார். ரெபேக்காவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. ஊரே தேக்கில் சிங்கக்கால் செதுக்கிக்கொண்டிருந்தபோது, மெல்லிய இரும்புக் குழாயை வளைத்துப் பிரம்பு பின்னியவர் அவர்.

ரெபேக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார்.

“யாருக்குச் செஞ்சீங்க?”

“எல்லாருக்கும்தான்.”

“ஞாயித்துக்கிழமை உங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க.”

கோமளவல்லி வந்தாள். கணவரின் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

“நல்லா இருக்குங்க” என்றாள். சற்று நேரத்தில் ஜன்னலைப் பார்க்கிற சாக்கில் எழுந்துவிட்டாள்.

ரெபேக்கா காப்பி கொடுத்தார். அறையின் மூலையில் அவர் செய்த தாழ்வான, அகலமான நாற்காலி ஒன்று கிடந்தது. யாரும் சொல்லாமலே கோமளவல்லி அதில் போய் உட்கார்ந்தாள். பாதிக் காப்பிக்குள் இரண்டு காலும் மேலே ஏறிவிட்டன. தங்கை கல்யாணத்தில் புரோகிதர் தூங்கிப்போன கதையைச் சொல்லிச் சிரித்தாள். முழுசாகச் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை வைத்தியலிங்கம் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

அவள் டம்ளர் கழுவ உள்ளே போனதும், அவர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அந்த நாற்காலியருகே போனார்.

“அதை அளக்காதீங்க, வைத்தி சார்.”

“பின்னே?”

“அவங்க என்ன உயரம்?”

அவருக்குத் தெரியவில்லை.

“உங்க நாற்காலியில இடது கையை ஊன்றித்தான் உட்கார்ந்தாங்க. எழுந்திருக்கும்போதும் அப்படித்தான். கவனிச்சீங்களா?”

“இல்லைம்மா. நான் நாற்காலியைப் பார்த்துட்டிருந்தேன்.”

ரெபேக்கா அவர் தோளில் இருந்த மரத்தூளைத் தட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வைத்தியலிங்கம் அடுப்படி வாசலில் போய் நின்றார்.

“கோமளம், உட்காரும்போது உனக்கு எங்க வலிக்குது?”

அவள் திரும்பிப் பார்த்தாள். அடுப்பைத் தணித்தாள்.

“இருபத்திரண்டு வருஷம் கழிச்சுக் கேக்குறீங்க. சொல்லி முடிக்க நேரமாகும்” என்றாள். “உக்காருங்க.”