பனை வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில் மரங்கள் பேசின. எல்லா மரங்களையும்விடப் பனைதான் அதிகம் பேசியது. முளை மண்ணைவிட்டு எட்டிப் பார்த்த அன்றே, "நான் பெண்", "நான் ஆண்" என்று சொல்லிவிடும். நட்டவர் கைமண் காயுமுன்னே குலை தள்ளும். செம்மணல் மேடான தேரியில் வீடும் கிணறும் பனங்கூட்டத்தின் நடுவேதான் இருந்தன.

அங்கே பேச்சித்தாயும் அவள் புருஷன் பலவேசமும் குடியிருந்தார்கள். கிணறு வற்றினால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டே போகவேண்டியதுதான். ஆகவே பேச்சித்தாய் கிணற்றை எட்டிப் பார்க்காமல் ஒரு வாய் கஞ்சி குடிக்கமாட்டாள்.

ஒருநாள் கடல் ஒரு தேங்காயைக் கரையில் ஒதுக்கியது. அவள் அதைக் கொண்டுவந்து கிணற்றோரம் நட்டாள். தென்னை மளமளவென்று வளர்ந்தது. அது வளர வளர, கிணற்றில் தண்ணீர் இறங்கியது.

"நீரு ராத்திரி தண்ணி குடிச்சீரா?" என்று புருஷனைக் கேட்டாள்.

"ஒரு செம்பு குடிச்சேன்."

"கிணறு ஒரு முழம் இறங்கியிருக்கு."

"ஏட்டி, நான் என்ன யானையா?"

அவள் சிரிக்கவில்லை. வாளிக் கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்தாள். சாயங்காலம் முடிச்சுவரை இறக்கினால் வாளி தண்ணீரைத் தொட்டது. விடிந்து இறக்கினால் அந்தரத்தில் ஆடியது. யாரோ குடிக்கிறார்கள்!

தென்னை மெல்ல வாய் திறந்தது. "அக்கா, நான் வந்த பிள்ளை. சொல்லக் கூடாது."

"சும்மா சொல்லு."

"நான் ஒண்டி. அவங்க ஒரு கூட்டம். கூட்டத்துக்குத்தானே தாகம் அதிகம்?"

பேச்சித்தாய் புருஷனையும் கூட்டிக்கொண்டு நேரே பனைகளிடம் போனாள். "கிணத்துத் தண்ணியக் குடிக்கிறது நீங்கதானா?"

நெட்டைப் பனை ஓலை சலசலக்கச் சிரித்தது. "எங்க வேர் உன் கிணத்துக்கும் கீழே போயாச்சு தாயி. உன் வாளித் தண்ணி எங்களுக்கு எதுக்கு?"

உண்மையைத்தான் சொன்னது. ஆனால் சந்தேகம் புகுந்த காதில் உண்மையும் வாக்குமூலமாகத்தான் விழும். கிணற்றுக்கும் கீழே வேர் என்றால், ஊற்றையே அல்லவா உறிஞ்சுகிறது!

"கேட்டீரா, அதுவே ஒத்துக்கிட்டுது!" என்றாள்.

"சிரிச்சுக்கிட்டுல்லா சொல்லுது? களவாணி சிரிப்பானா?" என்றான் பலவேசம்.

"களவாணிதான் சிரிப்பான்."

கோடாலியை எடுத்துவிட்டாள். பனைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. வரப்போரத்தில் நின்ற ஒன்றை மட்டும் விட்டுவைத்தாள். அதுவும் பாசத்தினால் அல்ல. அடையாளமாக ஒரு மரம் இல்லாவிட்டால் அடுத்த நிலத்துக்காரர் வரப்பை நகர்த்திவிடுவார் என்று அவர்மேல் ஒரு சந்தேகம்.

ஆடிக் காற்று வந்தது. பிடித்து வைக்க வேர் இல்லாமல் தேரி மணல் எழுந்து நடந்தது, கிணற்றுக்குள்ளும் சரிந்தது. வாளியில் சேறுதான் வந்தது. மணல் அள்ள அவளே கயிற்றைப் பிடித்து உள்ளே இறங்கினாள். அங்கே கல்லிடுக்கில் கற்றை கற்றையாக வேர் நனைந்து தொங்கியது. ஆத்திரத்தோடு பிடித்து இழுத்தாள்.

"ஐயோ அக்கா, என் காலை விடு!" என்று மேலே தென்னை அலறியது.

கிணற்றைச் சுற்றிச் சுற்றித் தடவினாள். பனைவேர் ஒன்றுகூட அங்கே இல்லை.

மேலே ஏறி வரப்புப் பனையிடம் ஓடினாள். "தப்புப் பண்ணிட்டேன். அந்தத் தென்னைய இப்பவே வெட்டிப் போடுறேன்."

"வேண்டாம்," என்றது பனை. "தாகத்துக்குக் குடிச்சுது, பயத்துல பொய் சொல்லிச்சு. உன் வெட்டுற கையப் பார்த்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

ஒரு பழத்தை மட்டும் உதிர்த்தது. அதன் கொட்டைகளை அவள் வரப்பு நெடுக நட்டாள். முளை வந்ததும் குனிந்து கேட்டாள்: "நீ ஆணா, பெண்ணா?"

பதில் இல்லை.

"எப்பக் காய்ப்பே? அதையாவது சொல்லேன்."

முளை அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றது. வரப்பு மணல் நகரவில்லை. கிணறும் மெல்ல ஊறியது. ஆனால் அவள் தலை நரைத்த பிறகும் அந்தப் பனை வாய் திறக்கவில்லை.

அன்று முதல்தான் தென்னை கிணற்றோரமும் பனை வரப்போரமும் நிற்கின்றன. அன்று முதல்தான் பனை, நட்டவர் கையில் கோடாலி ஏறுகிறதா என்று பல வருடம் பார்த்துவிட்டு, அதன் பிறகே பாளை விட்டு, தான் ஆணா பெண்ணா என்பதையே சொல்கிறது.