இடது தோள்

தையல் பழகும் பெண்களுக்காக முகநூலில் ஒரு குழு இருந்தது. ராஜபாளையத்துச் செண்பகவல்லி அதை நடத்திவந்தார். துணியை வெட்டுவதற்கான அளவுப் படங்களை, அவர்கள் பேச்சில் பேட்டர்ன்களை, ஒருவருக்கொருவர் இலவசமாகக் கொடுத்துக்கொள்வார்கள்.

ஒருநாள் கோபியிலிருந்து துளசிமணி என்ற புதிய உறுப்பினர் ஒரு ரவிக்கை பேட்டர்னைப் போட்டார். உடன் ஒரு பெண் அதை அணிந்து நிற்கும் படம். ‘சூப்பர் சிஸ்’ என்று பாராட்டுகள் குவிந்தன.

ஆம்பூரில் தையற்கடை வைத்திருக்கும் பர்வீனுக்கு மட்டும் அந்தப் படம் உறுத்தியது. கையைத் தூக்கி நிற்கும் பெண்ணின் அக்குளில் ஒரு சுருக்கம்கூட இல்லை. தோள் தையல் பாதியிலேயே மறைந்துபோனது. இது கணினி வரைந்த படம் என்று தோன்றியது. பாராட்டியவர்களில் ஒருவராவது தைத்துப் பார்த்ததாகச் சொல்லவில்லை. மேலும், பாதி உடம்புக்கு வரைந்து துணியை மடித்து வெட்டுவதுதான் வழக்கம். இதில் இடமும் வலமும் தனித்தனியாக இருந்தன. யாரோ ஒருவர் தம் உடம்புக்கென்று வரைந்ததை எடுத்துப் போட்டிருப்பாரோ என்று நினைத்தார்.

பழைய போர்வை ஒன்றில் வெட்டித் தைத்து அணிந்து பார்த்தார். இடது தோள் இறங்கிக்கொண்டு இழுத்தது. உடனே துளசிமணிக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார்.

“இதை நீங்க தைச்சுப் போட்டுப் பாத்தீங்களா?”

“பல தடவ போட்டிருக்கேன் அக்கா. எனக்கு நல்லாத்தான் இருக்கு.”

அப்படியானால் முதுகுப்பக்கம் தெரிய ஒரு படம் அனுப்பச் சொன்னார் பர்வீன். பதில் வரவில்லை. ஒருவரைத் திருடி என்று நினைக்கப் போதுமான ஆதாரம் இல்லையே என்று மறுநாள்வரை காத்திருந்தார். பிறகும் மௌனமே என்றதும் செண்பகவல்லியிடம் விஷயத்தைச் சொன்னார்.

செண்பகவல்லி துளசிமணியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதிவை அழித்தார், அவரைக் குழுவிலிருந்து நீக்கினார், ‘துளசிமணி என்பவர் போலி, எச்சரிக்கை’ என்று பெயரோடு அறிவித்தார்.

அதற்குள் குழுவில் இருந்த நாகர்கோவில் எஸ்தர், தங்கையின் நிச்சயதார்த்தப் புடவையோடு வந்த பட்டுத் துண்டை அந்தப் பேட்டர்னை வைத்து வெட்டிவிட்டிருந்தாள். அதே பட்டில் வேறு துண்டு கிடையாது. பர்வீன் முந்தின நாளே தைத்துப் பார்த்திருந்தது தெரிந்ததும் அவள் கோபமெல்லாம் பர்வீன் மேல் திரும்பியது.

“நேத்தே ஒங்களுக்குத் தெரியும். ஒரு வரி எழுதியிருந்தா நான் கத்திரியத் தொட்டிருக்க மாட்டேன்.”

அன்று மாலை துளசிமணி பர்வீனை வீடியோவில் அழைத்தார். அவர் அணிந்திருந்த ரவிக்கை அதே வெட்டு; உடம்போடு அழகாகப் பொருந்தியிருந்தது. அவருடைய இடது தோள் பிறவியிலேயே வலது தோளைவிட இறங்கியது. எந்தத் தையற்காரர் தைத்ததும் சரியாக அமையாததால் தாமே வரையக் கற்றுக்கொண்டாராம். தம் தோளைப் பார்த்துப் பேசுவார்களோ என்ற பயத்தில்தான் கணினிப் படத்தைப் போட்டாராம். குழுவுக்காகத் தோள்களைச் சமமாக்கியவர், முதுகுத் துண்டின் இடப்பக்கத்தை மட்டும் மாற்ற மறந்துவிட்டார்.

“வேற ஒடம்புல போட்டுப் பாக்க எனக்கு ஆள் இல்ல அக்கா,” என்றார்.

துளசிமணி பொய்ப் படத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டார். பர்வீன் தனியாகக் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். செண்பகவல்லி விசாரிக்காமலே வெளியேற்றினார். வாசகரே, இந்த மூவரில் யார் செய்தது சரி?

*விடை:* முழுச் சரி யாரும் இல்லை. சரிக்கு அருகில் வந்தவர் பர்வீன். ஆளைப் பற்றிய ஐயத்தை அவர் தனியாகக் கேட்டது முறைதான். ஆனால் போர்வையில் கண்டது ஐயமல்ல, உண்மை. ‘இடது தோள் இழுக்கிறது, யாரும் வெட்டாதீர்கள்’ என்று யார் பெயரையும் இழுக்காமல் அப்போதே குழுவில் எழுதியிருக்கலாம். பட்டும் தப்பியிருக்கும், துளசிமணியும் தப்பியிருப்பார். துளசிமணி, பொய்ப் படம் போட்டதிலும் பர்வீன் கேட்டபோது உண்மையைச் சொல்லாததிலும் தவறினார். செண்பகவல்லி பதிவை அழித்தது சரி; விசாரிக்காமல் ஆளை நீக்கிப் பெயரை அறிவித்ததில் தவறினார். தம் தவறு தெரிந்ததும் அந்த அறிவிப்பை நீக்கினார். ஆனால் யாரோ திரையிலிருந்து எடுத்துவைத்த அதன் படம் இன்னும் வேறு வேறு குழுக்களில் சுற்றுகிறது. போன வாரம்கூட ஒருவர் அதைப் பர்வீனுக்கே அனுப்பி, இந்தப் பெண்ணிடம் ஜாக்கிரதையாக இருங்கள் என்று எழுதியிருந்தார்.