உலகநாதன் மெஷின் சத்தத்தை நிறுத்திய விதம்

பாளையங்கோட்டை அந்தோணிராஜ் டீக்கடைக்கு உலகநாதன் மூன்று நாளாக வரவில்லை. நான்காம் நாள் காலையில் அவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்ததுமே, எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்த மீரான் அதை மடித்து ஓரமாக வைத்தார். பேப்பரில் இல்லாத சேதியெல்லாம் இனிமேல்தான் வரும் என்று அவருக்குத் தெரியும்.

உலகநாதன் நாற்பது வருஷம் பத்திரம் எழுதியவர். பத்திரத்தில் ஒரு அடியைக்கூடக் கூட்டி எழுத முடியாமல்போன ஏக்கத்தை எல்லாம் இந்தப் பெஞ்சில்தான் தீர்த்துக்கொள்வார்.

நடந்தது சின்ன விஷயம். அவர் மனைவி காந்திமதிக்கு மணிக்கட்டில் எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்தது. மகள் பாத்திரம் கழுவுகிற மெஷின் ஒன்று வாங்கி அனுப்பினாள். ஒரு மாசம் ஒழுங்காக ஓடிய மெஷின், போன வாரம் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றாள் காந்திமதி. "நான் இருக்கும்போது மெக்கானிக் எதுக்கு?" என்று உலகநாதன் வாயை விட்டுவிட்டார். "சரி. உங்களால ஆகலைன்னா, கட்டுப் பிரிக்கிற வரைக்கும் பாத்திரம் உங்க பொறுப்பு" என்று அவள் முடித்துவிட்டாள்.

"அது சாதாரணச் சத்தம் இல்ல, பாத்துக்கிடும்" என்று உலகநாதன் தொடங்கினார். "முதல் நாள் அலமாரியில இருந்த டம்ளர் எல்லாம் குதிச்சுது. ரெண்டாம் நாள் ரயில்வே கேட்ல இருக்கிற ஆளு, கூட்ஸ் வண்டிதான் வருதுன்னு கேட்டைச் சாத்திட்டாரு. ஒரு மணி நேரம் பஸ்ஸு, லாரி எல்லாம் வரிசையா நிக்கி. ரயிலைக் காணல. சத்தம் எங்க அடுக்களையில."

"உம்ம வீட்டுக்கும் கேட்டுக்கும் நாலு மைலுவே" என்றார் மீரான்.

"காத்து அந்தப் பக்கம்லா அடிச்சுது."

அந்தோணிராஜ் பாலை ஆற்றிக்கொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்பு போதும் உலகநாதனுக்கு. கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"கால் மட்டமில்லாட்டி சத்தம் வரும்னு கூட வந்த புஸ்தகத்துல போட்டிருந்தான். நாலு காலுக்கும் அட்டை மடிச்சு வச்சேன். கால் சரியானதும் அது நடக்க ஆரம்பிச்சுட்டு. வாசல்நடையைத் தாண்டி, தெருவில இறங்கி, நேரா கல்யாண மண்டபத்துக்குள்ள போயிட்டுவே. எச்சில் தட்டு வாசம் இழுத்திருக்கு. நானூறு பேரு சாப்பிட்ட தட்டையும் கழுவிக் கவுத்துட்டுத்தான் திரும்புச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தாம்பூலப் பை குடுத்து அனுப்புனாங்க."

"கரண்டு?" என்றார் அந்தோணிராஜ்.

"ஓடுன வேகத்துல ஓடுச்சு. இறக்கத்துல சைக்கிளை மிதிச்சுக்கிட்டா போறோம்?"

மீரான் மடித்து வைத்த பேப்பரை ஓரக்கண்ணால் பார்த்தார். அது உலகநாதனுக்குப் பிடிக்கவில்லை. இன்னும் பெரிதாகப் போனார்.

"வெளிய இருந்து பாத்தா கோளாறு தெரியாதுன்னு, தட்டை எல்லாம் உருவிட்டு நானே உள்ள குத்தவச்சு உக்காந்துட்டேன். காந்திமதிக்குத் தெரியாது. ஒத்தைக் கையால கதவைச் சாத்திப் பொத்தானை அமுக்கிட்டா. சுடுதண்ணி, சோப்பு, மறுபடி சுடுதண்ணி, கடைசியில அனல்காத்து. ஒண்ணரை மணி நேரம் கழிச்சுத் திறந்தவ, 'யாரு தம்பி நீங்க'ன்னு கேக்கா. எழுபது வருஷத்து அழுக்குல்லா போயிருக்கு. ரேஷன் கடையில பெருவிரலை வச்சா மெஷின் எடுக்கல. ரேகையே இல்லை."

மீரான் எட்டி அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ரேகை இருந்தது. ஆனால் விரல் பத்தும் ஊறிச் சுருங்கி வெளுத்திருந்தன. நகக்கண்ணில் கரி.

"வே, உள்ளதைச் சொல்லும். சத்தம் நின்னுச்சா, இல்லையா?"

உலகநாதன் டீயைக் கீழே வைத்தார். பொய் சொல்லலாம். ஆனால் இந்தக் கேள்விக்கு உண்மையே போதுமானதாக இருந்தது.

"நின்னுட்டு."

"மெஷினு?"

"அதுவும் நின்னுட்டு."

இரண்டு பேரும் சிரித்து ஓயும்வரை உலகநாதன் காத்திருந்தார். பிறகு மெல்லச் சொன்னார். "அடிப்பக்கத்தைப் பிரிச்சு ஒரு ஒயரை இழுத்தேன், அடங்கிட்டு. அப்புறம்தான் பாத்தேன். கரண்டிக் காம்பு ஒண்ணு கீழ நீட்டிக்கிட்டு, உள்ள சுத்துற விசிறியில தட்டியிருக்கு. கரண்டியைத் திருப்பி வச்சிருந்தா முடிஞ்சிருக்கும். காந்திமதி வந்து பாத்தா. ஸ்டூலை இழுத்துப் போட்டு, பாத்திரத்துக்குப் பக்கத்துல என்னைய உக்கார வச்சா."

சொல்லிவிட்டு மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்தார். அவரால் அப்படியே விட முடியவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆனா ஒண்ணு. இந்த மூணு நாள்ல, பாளையங்கோட்டையில எனக்கு மேல பாத்திரம் கழுவ ஆளு கிடையாது. இட்லிக் கொப்பரை அடியில முகம் பாக்கலாம்."

மீரான் பேப்பரைத் திரும்ப எடுத்து விரித்தார்.

"இன்னைக்கு நீரு சொன்னதுல இது ஒண்ணைத்தான் நான் நம்புதேன்."