வட்டமிடத் தடை

மருதமடு என்னும் காட்டு நீர்நிலையின் கரையில் நின்ற மிக உயரமான மருத மரத்தில், வானி என்னும் பாறு கூடு கட்டியிருந்தது. பிணந்தின்னிக் கழுகுக்குப் பாறு என்பது பழைய பெயர். நல்ல பெயரும் அதுவே. கூட்டில் ஒரே ஒரு குஞ்சு. அதற்கு இன்னும் சிறகு முற்றவில்லை. ஆண்டுக்கு ஒரு முட்டைக்கு மேல் இடாத இனத்தில் பிறந்த வானிக்கு, அந்த ஒன்றுதான் உலகம்.

பாறுகள் எந்த உயிரையும் கொல்வதில்லை. செத்ததைத் தேடி வானில் வட்டமிடும். ஒன்று வட்டமிடுவதைக் கண்டு மற்றொன்று வரும். அதைக் கண்டு இன்னொன்று வரும். எல்லாம் கூடி எலும்பு வெளுக்கத் தின்று முடித்ததும் நீராடும். அதுவும் மடுவின் கடைப்பக்கத்தில், நீர் வெளியேறும் இடத்தில் மட்டுமே. கழுவிய நீரில் ஒரு துளிகூடக் குடிப்பவர் பக்கம் திரும்பக் கூடாதல்லவா? யாரும் கட்டளையிடாமல் தலைமுறை தலைமுறையாக அவை காத்துவந்த ஒழுக்கம் அது.

அந்தக் கோடையில், காட்டின் தலைவனான கிளைக்கொம்பன் என்னும் கடமானின் மூத்த கன்று நோயுற்று இறந்தது. துயரத்தோடு தலையை நிமிர்த்திய கிளைக்கொம்பன், மேலே வானி வட்டமிடுவதைக் கண்டது.

அருகில் நின்ற நயவன் என்னும் நரி, இதுதான் தருணம் என்று அதன் காதருகே வந்தது. பாறுகள் வட்டமிட்ட இடத்தில் சாவு இல்லாமல் போனதுண்டா என்று இதமாகக் கேட்டது. வட்டந்தான் சாவை அழைத்து வருகிறது என்று கண்ணீரோடு சொன்னது. கண்ணீர் பொய். நயவன் இரண்டு வாய் தின்பதற்குள் இருபது அலகுகள் வந்து இறங்கிவிடுகின்றன என்பதே அதன் வயிற்றெரிச்சல். பாறுகள் ஒழிந்தால் பிணமெல்லாம் தனக்கே என்பது அதன் கணக்கு.

துயரம் அறிவை மறைத்தது. முதலில் வருவது சாவா, வட்டமா என்று கிளைக்கொம்பன் ஒரு கணமும் எண்ணிப் பார்க்கவில்லை. உடனே சபையைக் கூட்டியது.

வானி மரத்திலிருந்தே பேசியது. “தலைவரே, செத்த பிறகுதான் எங்களுக்குச் சோறு. மழை வருகிறது, தவளை கத்துகிறது. தவளை கத்தியதால் மழை வந்தது என்று யாராவது சொல்வார்களா?”

“தவளை கத்தித்தானே மழை வருகிறது?” என்றது முயல். சபை முழுவதும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. வானி சலித்துக்கொண்டது. இந்தக் கூட்டத்திடம் இனி எதைச் சொல்வது?

தீர்ப்பு வந்தது. அந்தக் காட்டின் மேல் பாறுகள் வட்டமிடக் கூடாது. தரையில் கால் வைக்கக் கூடாது. பிணந்தின்னும் அலகு அசுத்தம், அது மடு நீரைத் தொடவும் கூடாது. குஞ்சு பறக்கும் வரை வானி மட்டும் மரத்தில் இருக்கலாம். மற்றப் பாறுகள் மலைக்கு அப்பாலுள்ள செங்குத்துப் பாறைகளுக்குப் போய்விட்டன.

வானி மலையைக் கடந்து போய் இரை தேடியது. திரும்பி வருவதற்குள் பொழுது சாயும். இரைப்பையில் கொண்டுவந்தது பாதி வயிற்றுக்கும் போதாது. குஞ்சின் குரல் நாளுக்கு நாள் கம்மியது.

ஒரு நாள் காலையில் இரை தேடப் புறப்பட்டபோது, மடுவுக்கு நீர் கொண்டுவரும் ஓடையில் ஒரு காட்டெருது செத்துக் கிடப்பதை வானி கண்டது. உடல் பாதி நீருக்குள் இருந்தது. விரைந்து திரும்பி வந்து கிளைக்கொம்பனிடம் அதைச் சொல்லி, தடையை நீக்குமாறு கேட்டது. தன் கூட்டம் வந்தால் உச்சிப்பொழுதுக்குள் எலும்பு மட்டுமே மிஞ்சும் என்றது.

கிளையில் இருந்த காக்கை சிரித்தது. “சோறு கண்ட இடம் சொர்க்கம் என்பார்கள். இவளுக்குப் பிணம் கண்ட இடம் பொதுநலம்.”

“நீ என்ன, தேனும் தினைமாவுமா தின்கிறாய்?” என்றது வானி.

எல்லாரும் சிரித்தார்கள். தடை மட்டும் நீங்கவில்லை. சரி, நீங்களே போய்ப் பார்த்து வாருங்கள் என்றது வானி. பிணம் கிடக்கும் இடத்தை எங்கள் குலத்தார் மிதிப்பதில்லை என்று கிளைக்கொம்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிணத்தை மிதிக்காத அந்தத் தூய குலம், பிணம் ஊறிய நீரை அன்று மாலையும் வயிறாரக் குடித்தது.

சில நாளில் நீர் நாறியது. குட்டிகளுக்கு வயிறு கழிந்தது. கிளைக்கொம்பனின் இளைய கன்றும் படுத்துவிட்டது. வைத்தியம் தெரியாமல் எல்லா விலங்குகளும் ஒரு காலையில் மருத மரத்தடியில் கூடின.

பல நாளாகக் காடெங்கும் பிணம் தேடி அலைந்த நயவன் அப்போது தள்ளாடிக்கொண்டு வந்தது. வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். நயவனுக்குத் தந்திரமும் பறந்துவிட்டது. மரத்தை அண்ணாந்து பார்த்துக் கத்தியது.

“ஏ வானி! இப்படி மரத்திலேயே உட்கார்ந்திருந்தால் பிணம் எங்கே கிடக்கிறதென்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? நீ வட்டமிட்டால்தானே எனக்கு வழி தெரியும்?”

மரத்தடியில் இருந்த எல்லாத் தலைகளும் நரியின் பக்கம் திரும்பின.

“அப்படியானால் பிணம் முதலில், வட்டம் பிறகு. இது உனக்கு அன்றே தெரியும்” என்றது கிளைக்கொம்பன். கடமானின் கொம்புகள் தாழ்ந்தன. நரி முட்புதர்களுக்குள் விழுந்தடித்து ஓடியது.

தாழ்ந்த கொம்புகளைக் கிளைக்கொம்பன் நிமிர்த்தவில்லை. “தடையை நீக்கினேன். தாயே, இறங்கி வா. என் இளைய கன்றாவது பிழைக்கட்டும்” என்று கெஞ்சியது.

“இன்று நான் தாய். அன்று என் குஞ்சு பசியில் கத்தியபோது நான் யார்?” என்றது வானி. “நரி சொன்னது பொய். அதை நம்பியது உங்கள் விருப்பம். நரியை விரட்டிவிட்டால் உங்கள் குற்றம் போய்விடுமா?”

பதிலுக்குக் காத்திராமல் வானி மேலெழுந்து ஓடைக்கு நேரே வட்டமிட்டது. மலைக்கு அப்பால் ஒரு பாறு அதைக் கண்டது. அதை இன்னொன்று கண்டது. உச்சிப்பொழுதுக்குள் காட்டெருது இருந்த இடத்தில் எலும்புகள் மட்டுமே கிடந்தன. குஞ்சு அன்று வயிறு நிறையத் தின்றது.

வேலை முடித்து வந்த பாறுகளை எதிர்கொண்டு, இன்று மடுவில் நீர் நுழையும் தலைப்பக்கத்திலேயே நீராடுங்கள், அது நாங்கள் செய்யும் மரியாதை என்றது கிளைக்கொம்பன்.

வானிக்குச் சினம் பொங்கியது. “தலைப்பக்கம் குளித்தால் அந்த அழுக்கைக் குடிப்பது யார்? இதைக்கூட யோசிக்கத் தெரியாதவர்களா எங்களை அசுத்தம் என்றீர்கள்?”

பாறுகள் வழக்கம்போல் கடைப்பக்கம் போய் நீராடின.

நீர் தெளிந்தது. கன்று எழுந்தது. குஞ்சுக்குச் சிறகு முற்றியது. அது முதன்முறை காற்றில் ஏறிய காலையில், வானியும் கூட்டைவிட்டுப் புறப்பட்டது. கிளைக்கொம்பன் ஓடிவந்து, மரம் உங்களுடையது, போக வேண்டாம் என்றது.

“வேலைக்கு வருவோம், அது எங்கள் பிழைப்பு. உங்களோடு குடியிருக்க வரமாட்டோம்” என்று சொல்லிவிட்டு வானி மலையை நோக்கிப் பறந்தது. மருத மரத்தில் வெறும் கூடு மட்டும் இருந்தது.

தம் அழுக்கைத் துடைக்கும் கையை அழுக்கென்று விரட்டுகிறவர்கள், அந்த அழுக்கையே ஒரு நாள் குடிப்பார்கள்.